பெட்டிகள் ஆறா, கூட்டங்கள் மூன்றா?

கேள்வி: வேலூர் மாவட்டம் ஒடுகத்தூரை அடுத்த சிற்றூரில் எனக்கு இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு உள்ளது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பயிற்சி பெற்று, இந்தியத் தேனீக் கூட்டங்களுடன் ஆறு பெட்டிகள் வாங்கிப் பத்தடிக்கு ஒன்றாக வைத்திருக்கிறேன். ஆவணியில் மொத்தம் நான்கு கிலோ தேன் எடுத்தேன். இப்போது புரட்டாசி முடியப் போகிறது. முதல் இரண்டு பெட்டிகளில், அடை கட்டியுள்ள மரச்சட்டங்களில் தலா ஆறைத் தேனீக்கள் மூடியுள்ளன. மூன்றாவதில் நான்கு சட்டங்கள். முட்டையும் புழுவும் ஒழுங்காக இருக்கின்றன. நான்காவதில் மூன்று சட்டங்கள். வாங்கியபோது வந்த அதே இராணிதான் இருக்கிறது. புழு அடை இடையிடையே காலியாகத் தெரிகிறது. ஐந்தாவதிலும் மூன்று சட்டங்கள். இராணி கண்ணில் படவில்லை, ஒரே கண்ணறையில் இரண்டு மூன்று முட்டைகள் இருக்கின்றன, கண்ணறை மூடிகள் குமிழ் போலப் புடைத்திருக்கின்றன. ஆறாவதில் இரண்டே சட்டங்கள். அடிப்பலகையில் நூலாம்படை போன்ற பின்னல் இருக்கிறது, சில புழுக்கள் தலையைத் தூக்கியபடி செத்துக் கிடக்கின்றன. மழையும் பனியும் வருவதற்குள் ஆறு பெட்டிகளையும் காப்பாற்ற வேண்டும். வெளிநாட்டுக் காணொளிகளில் பெட்டியைத் தெர்மாகோல் வைத்துச் சுற்றச் சொல்கிறார்கள். மருந்துக் கடைக்காரர் ஆன்டிபயாடிக் பொடியைப் பாகில் கலந்து கொடுக்கச் சொல்கிறார். காட்டுப் பூச்சியைச் சும்மா விட்டாலே போதும் என்கிறார் என் மாமனார். நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். "பெட்டியில் பூச்சி குறைகிறது, என்ன செய்யலாம்?" என்று ஒற்றை வரியில் எழுதுவோர்தான் அதிகம். ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, சட்டத்தை எண்ணி, கண்ணறைக்குள் எட்டிப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆறு கூட்டங்களையும் ஆறாகவே வைத்துத் தை மாதத்தைக் காண உங்களால் முடியாது. மூன்றைக் காணலாம், அதிர்ஷ்டம் இருந்தால் நான்கு. ஆறையும் பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டு மிஞ்சுவதே அரிது.

முதலில் நீங்கள் பார்த்த காணொளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவற்றில் சொல்லப்படுவது பொய்யன்று. ஆனால் அது வேறொரு நாட்டின் குளிருக்காகவும் வேறொரு தேனீக்காகவும் சொல்லப்படுவது. கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் மாதக்கணக்கில் ஒரு பூவும் இராது. தேனீக்கள் வெளியே பறக்கவே முடியாமல், பந்து போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சேமித்த தேனைத் தின்று வெப்பம் உண்டாக்கி உயிர் பிழைக்கின்றன. அதற்காகவே அங்கு இலையுதிர் காலத்தில் பிறக்கும் பணித்தேனீக்கள் உடலில் கொழுப்பும் புரதமும் சேர்த்துக்கொண்டு ஐந்தாறு மாதங்கள் வாழ்கின்றன. ஒரு கூட்டத்துக்கு இருபது முப்பது கிலோ தேனைப் பெட்டியிலேயே விட்டுவைக்கிறார்கள். அவை நாம் இத்தாலியத் தேனீ என்று அழைக்கும் இனத்தையும் அதன் உறவினங்களையும் சேர்ந்தவை. நம் இந்தியத் தேனீ உருவில் சிறியது, குறைவாகவே சேமிப்பது, நிலைமை பிடிக்காவிட்டால் போராடாமல் கூட்டத்தோடு குடிபெயர்ந்துவிடுவது. வேலூர்ச் சமவெளியில் மார்கழி விடியற்காலையில் 18 டிகிரி அளவுக்கு இறங்கும் குளிர், நல்ல கூட்டத்துக்கு ஒரு பொருட்டே அன்று. ஜவ்வாது மலைமேல் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். அடிவாரத்தில் இருக்கும் உங்களுக்கு அதுவும் தேவையில்லை.

ஆகவே வட ஆற்காட்டுத் தேனீக்குக் குளிர்காலம் என்பது உண்மையில் ஐப்பசியில் தொடங்கும் மழைக்காலமே. வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் மூன்று நாள், நான்கு நாள் தொடர்ந்து தூறும். அந்த நாள்களில் பணித்தேனீ வெளியே போகாது. போனாலும் மழையில் நனைந்த பூவில் மகரந்தமும் இராது, பூந்தேன் இருந்தாலும் நீர்த்துப் போயிருக்கும். தோப்பில் தென்னை பாளை விட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆனால் எட்டிப் போய் எடுக்க முடியாத பூ இருந்தும் பயனில்லை. உள்ளே இருக்கும் புழுவுக்கோ நாளும் பசிக்கிறது. நீங்கள் ஆவணியில் எடுத்த நான்கு கிலோவைப் பற்றி வருத்தத்தோடுதான் சொல்கிறேன், அதில் பாதிக்கு மேல் இந்தக் கூட்டங்களின் அடைமழை நாள்களுக்கான கஞ்சித்தொட்டி. வலுத்த இரண்டு பெட்டிகளில் மட்டும் எடுத்து, மற்றவற்றை விட்டிருக்க வேண்டும். போனது போகட்டும்.

கூட்டம் சிறுத்துவிட்டால் ஏன் தானாக மீளாது என்பதைப் புரிந்துகொண்டால், நான் கீழே சொல்லப் போவது கடுமையாகத் தோன்றாது. புழு வளரும் இடம் எப்போதும் 34 முதல் 35 டிகிரி வரை இருக்க வேண்டும். அந்தச் சூட்டைத் தேனீக்கள் தம் உடலால் உண்டாக்குகின்றன. ஆறு சட்டக் கூட்டத்திலும் இந்த வேலைக்கு ஆள் வேண்டும், மூன்று சட்டக் கூட்டத்திலும் வேண்டும். அடையைச் சூடாக்க, புழுவுக்கு ஊட்ட, வாயிலில் காவல் நிற்க, அந்துப்பூச்சியை விரட்ட என்று வீட்டு வேலைக்கே சிறிய கூட்டத்தின் பெரும்பகுதி தேனீக்கள் போய்விட, வெளியே சென்று பொருள் கொண்டுவர மிஞ்சுபவை சொற்பம். ஆறு பேர் இருக்கும் வீட்டிலும் அடுப்பு ஒன்றுதான், இருவர் இருக்கும் வீட்டிலும் அடுப்பு ஒன்றுதான் என்பது போன்ற கணக்கு இது. அமெரிக்க ஆய்வாளர் ஃபாரர் 1930களில் இதை எடை போட்டே காட்டினார்: கூட்டம் பெருகப் பெருக, ஒரு தேனீ சேர்க்கும் தேனின் அளவும் கூடுகிறது. மூன்று சட்டக் கூட்டங்கள் இரண்டு சேர்ந்தால் கிடைக்கும் வலிமை, தனித்தனியே இருந்தபோது இருந்த வலிமையைக் கூட்டினால் வருவதைவிட அதிகம்.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், எட்டு நலிந்த கூட்டங்களுக்கு ஐப்பசி முழுவதும் நாள்தோறும் பாகு ஊற்றி, நாள்தோறும் திறந்து பார்த்து, எண்ணிக்கை குறையக் கூடாது என்ற பிடிவாதத்தில் ஒன்றைக்கூட இணைக்காமல் வைத்திருந்தேன். கார்த்திகை தீபத்துக்குள் ஐந்து ஓடிவிட்டன, இரண்டை அந்துப்புழு தின்றது. மிஞ்சிய ஒன்று, நான் சோம்பல்பட்டுத் திறக்காமல் விட்டது.

இனி உங்கள் பெட்டிகளைப் பார்ப்போம். எதிலிருந்து தொடங்குகிறோம் என்பது இங்கே முக்கியம். எனவே கடைசிப் பெட்டியிலிருந்து வருகிறேன்.

ஆறாவது பெட்டியில் இரண்டு சிக்கல்கள் உள்ளன, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நூலாம்படை போன்ற பின்னல் மெழுகு அந்துப்பூச்சியின் புழு செய்வது. அது நலிவின் விளைவு, காரணம் அன்று. தேனீக்கள் மூடாத அடை எங்கே இருக்கிறதோ அங்கே அது வரும். ஆனால் தலையைத் தூக்கியபடி செத்திருக்கும் தேனீப் புழுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. ஓர் ஈர்க்குச்சியால் அந்தப் புழுவை மெல்ல வெளியே இழுத்துப் பாருங்கள். உடையாமல், நீர் நிரம்பிய சிறு பை போல முழுதாக வந்தால், அது 'தாய் சாக்புரூட்' (Thai sacbrood) என்னும் நச்சுயிரி நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மாறாக, புழு இளம் பருவத்திலேயே சுருண்டு மஞ்சளித்துப் புளிப்பு நாற்றத்தோடு கிடந்தால், அது பாக்டீரியாவால் வரும் புழு அழுகல் நோய். செத்த புழுக்கள் உள்ள அடையில் ஒரு துண்டை வெட்டி, காகிதத்தில் மடித்து (பாலித்தீன் பையில் போட்டால் வியர்த்துக் கெட்டுவிடும்), விரிஞ்சிபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். உங்களுக்கு அது தொலைவும் இல்லை. தாய் சாக்புரூட் 1991-92இல் தென்னிந்தியா முழுவதும் பரவியபோது, தமிழகத்திலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவை அழிந்தன. தலைமுறையாகத் தேனீ வளர்த்த குடும்பங்கள் தொழிலையே விட்டன. அந்த ஆண்டுகளைப் பார்த்தவர்கள் இந்த நோயின் அறிகுறியை அலட்சியமாகக் கடக்க மாட்டார்கள்.

எனவே ஆறாவது பெட்டியிலிருந்து ஒரு சட்டத்தையும் வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள், அதை எந்தக் கூட்டத்தோடும் இணைக்காதீர்கள். பரிசோதனை நாளில் அதைக் கடைசியாகத் திறந்து, பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கத்தியையும் நெம்புகோலையும் தீயில் வாட்டுங்கள். வாயிலை இரண்டு தேனீ மட்டும் நுழையும் அளவுக்குக் குறுக்குங்கள். நோயுற்ற கூட்டத்தைப் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடித்தால் நோய் ஆறு பெட்டிக்கும் போய்விடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால், வெயிலுள்ள ஒரு பகலில் இந்தக் கூட்டத்தின் தேனீக்களை இராணியோடு ஒரு சுத்தமான பெட்டிக்குள் உதறி, அடை கட்ட அடித்தளமாகும் மெழுகுத் தாள் ஒட்டிய இரண்டு புதிய சட்டங்களை மட்டும் கொடுத்து, பழைய அடைகள் முழுவதையும் எரித்துவிடுவேன். புழுவே இல்லாத சில நாள்கள் கிடைத்தால் நோய்ச் சங்கிலி அறுபடும். அவை புதிய அடை கட்டிப் பிழைத்தால் மகிழ்ச்சி. ஓடிவிட்டால் அதற்காக மனம் உடைய வேண்டாம். இந்தப் பெட்டியைப் பொறுத்தவரை உங்கள் கடமை அதைக் காப்பாற்றுவதைவிட மற்றவற்றை அதனிடமிருந்து காப்பாற்றுவதே. காலியான பழைய பெட்டியைச் சுரண்டி, சலவைச் சோடா கலந்த வெந்நீரில் தேய்த்துக் கழுவி, உட்புறத்தை வைக்கோல் தீயில் இலேசாக வாட்டி, நன்றாகக் காயவிடுங்கள்.

ஐந்தாவது பெட்டியில் இராணி இல்லை. நீங்கள் தேட வேண்டியதே இல்லை. ஒரே கண்ணறையில் பல முட்டைகளும், குமிழ் போன்ற மூடிகளும் சேர்ந்து இருந்தால், பணித்தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன என்று பொருள். அவை இனச்சேர்க்கை செய்யாதவை என்பதால், அம்முட்டைகளிலிருந்து ஆண் தேனீக்கள் மட்டுமே பிறக்கும். ஆடியிலோ ஆவணியிலோ கூட்டம் பிரிந்து, பின்தங்கிய கன்னி இராணி இணைவதற்காகப் பறந்தபோது மழையிலோ பஞ்சுருட்டான் குருவியின் அலகிலோ மாட்டியிருக்கலாம். இராணியை இழந்த இந்தியத் தேனீ, இத்தாலியத் தேனீயைவிட வேகமாக இந்த நிலைக்கு வந்துவிடும். இந்நிலையில் புதிய இராணியைக் கொடுத்தால் பெரும்பாலும் கொன்றுவிடும். இதைத் தனிக் கூட்டமாக மீட்பதற்கு இது பருவமும் அன்று. ஆண் தேனீக்களும் வெயில் நாள்களும் குறைந்து வரும் ஐப்பசியில் புதிய இராணி இணைந்து வருவது சூதாட்டம்.

இதற்கு நான் செய்வது இதுதான். வெயில் நன்றாக இருக்கும் நாளில், பகல் 11 மணிக்கு, இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐம்பதடி தள்ளிப் போய், சட்டங்களின் மேல் சர்க்கரைப் பாகை இலேசாகத் தெளித்து, சற்றுப் பொறுத்து, ஒவ்வொரு சட்டத்தையும் வெள்ளை வேட்டித் துணிமேல் உதறிவிடுங்கள். பெட்டியைப் பழைய இடத்தில் வைக்கக் கூடாது. பறக்கும் தேனீக்கள் பழைய இடத்துக்கு வந்து, வீடு இல்லாமல் சிறிது நேரம் சுற்றி, பக்கத்திலுள்ள பெட்டிகளில் தஞ்சம் கேட்கும். வயிறு நிறையப் பாகோடு வரும் தேனீயைக் காவல் தேனீக்கள் பெரும்பாலும் தடுப்பதில்லை. அன்று மாலை உங்கள் இரண்டு வலுத்த பெட்டிகளின் வாயிலில் சிறு சண்டை நடந்தால் பயப்பட வேண்டாம். ஒரு நிபந்தனை: ஐந்தாவதில் ஒரு புழுகூடத் தலைதூக்கிச் சாகவில்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே இதைச் செய்யுங்கள்.

நான்காவது பெட்டியில் இருப்பது இராணியின் முதுமை. மூடிய புழு அடையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் காலியாகத் தெரிந்தால் இராணியின் விந்துக் கையிருப்பு தீர்ந்து வருகிறது என்பது என் அனுபவக் கணிப்பு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கும்போதே அது முதிய இராணியாக இருந்திருக்கலாம். பெட்டி விற்பவர்கள் சிலர் இளம் இராணிகளைத் தமக்கு வைத்துக்கொண்டு கிழ இராணிகளைக் கொடுப்பது இத்தொழிலில் உள்ள பழைய நோய்களில் ஒன்று. அடுத்த முறை, வாங்கும் முன் புழு அடையைத் தூக்கிப் பார்த்து, மூடிகள் இடைவெளியின்றி வட்டமாக நிறைந்திருந்தால் மட்டுமே பணம் கொடுங்கள்.

இந்த நான்காவது கூட்டத்தை மூன்றாவதோடு இணையுங்கள். ஐப்பசி மழை பிடிக்கும் முன், முடிந்தால் அடுத்த பத்து நாள்களுக்குள். நாள்தோறும் மாலையில் நான்காவது பெட்டியை ஒன்றரை அடி மூன்றாவதை நோக்கி நகர்த்துங்கள். ஒரேயடியாகப் பத்தடி நகர்த்தினால் வெளியே போன தேனீக்கள் பழைய இடத்துக்கே வந்து தரையில் மொய்த்து வீணாகும். ஏழெட்டு நாளில் இரண்டும் ஒட்டி நிற்கும். இணைப்பதற்கு முந்தைய நாள் கிழ இராணியைப் பிடித்து எடுத்துவிடுங்கள். அதைக் கொல்ல மனம் வராதவர்கள் சிலர் இரண்டு இராணிகளையும் உள்ளே விட்டு, "வலுத்தது ஜெயிக்கட்டும்" என்பார்கள். சண்டையில் இளம் இராணியும் காயப்படலாம். அந்தப் பரிசோதனை வேண்டாம்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும், மூன்றாவது பெட்டியின் மேல் மூடியையும் மேலடுக்கான தேன் அறையையும் அகற்றி, கீழே புழு வளரும் அறையின்மேல் நாளிதழின் ஒற்றைத் தாளை விரித்து, முள்ளால் பத்துப் பன்னிரண்டு துளைகள் இட்டு, கொஞ்சம் பாகைத் தடவி, அதன்மேல் நான்காவதின் புழு அறையை அடிப்பலகை இல்லாமல் வைத்து மூடுங்கள். மேல் கூட்டத்துக்கு வேறு வாயில் இருக்கக் கூடாது. இரு கூட்டங்களும் தாளைக் கடித்துத் தின்று வழி உண்டாக்குவதற்குள் வாசம் ஒன்றாகிவிடும். வாசம் ஒன்றானால் தேனீக்கு அந்நியம் இல்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வாயிலில் காகிதத் துகள்கள் விழுந்து கிடப்பதைப் பார்க்கலாம். மேலும் இரண்டு நாள் கழித்துத் திறந்து, நல்ல அடைகளை மட்டும் கீழ் அறையில் சேருங்கள். திருச்சிராப்பள்ளியில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூட்டன் பாதிரியார் வடிவமைத்த, உங்களிடமும் இருக்கக்கூடிய பெட்டியில் புழு அறைக்கு ஏழு சட்டங்கள். நான்கும் மூன்றும் ஏழு என்று கணக்கு அழகாகப் பொருந்துகிறதே என்று எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். கறுத்துப்போன பழைய அடைகளை நீக்கி, தேனீக்கள் இரு பக்கமும் நெருக்கமாக மூடக்கூடிய ஐந்தாறு அடைகளை மட்டும் விடுங்கள். புழு உள்ளவை நடுவில், தேனும் மகரந்தமும் உள்ளவை ஓரங்களில் வரட்டும். மீதி இடத்தை ஒரு தடுப்புப் பலகையால் அடைத்துவிடுங்கள்.

இந்த இடக் குறைப்பை வலுத்த இரண்டு பெட்டிகளிலும் செய்யத்தான் வேண்டும். காலித் தேன் அறைகளை மழைக்காலம் முடியும் வரை பெட்டியின்மேல் விட்டுவைப்பது, இருவர் படுக்கக் கல்யாண மண்டபத்தைத் திறந்துவிடுவது போன்றது. சூடு மேலே போய்விடும், அந்துப்பூச்சி அங்கே குடியேறும். எடுத்த அடைகளைத் தோப்பில் ஒரு மூலையில் அடுக்கி வைத்தால் பத்து நாளில் பின்னலாகிவிடும். பழையவற்றை உருக்கி மெழுகாக்குங்கள். நல்லவற்றைக் காற்றுப் புகாத பெட்டியில் கந்தகப் புகை போட்டு வையுங்கள். அடிப்பலகையை வாரம் ஒருமுறை இழுத்துச் சுரண்டிவிட்டால் அந்துப்பூச்சியின் முட்டையும் புழுவும் மெழுகுத் தூளோடு போய்விடும். இந்த ஒரு வேலையைத் தவறாமல் செய்பவர்களிடம் அந்துப்பூச்சியைப் பற்றிய புகாரை நான் கேட்டதே இல்லை.

பாகைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைச் சர்க்கரை மட்டுமே கொடுங்கள். வெல்லமும் கருப்பட்டியும் நமக்கு நல்லவை, தேனீயின் வயிற்றுக்குக் கழிச்சலைத் தருபவை. கடையில் வாங்கிய தேனையோ அடுத்தவர் பெட்டித் தேனையோ ஒருநாளும் ஊட்டாதீர்கள், நோய் வருவதற்கு அதைவிட நேர்வழி இல்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அதில் சர்க்கரையைக் கரையுங்கள்; சர்க்கரையையே அடுப்பில் காய்ச்சிக் கருக விடாதீர்கள். சேமிப்பு இல்லாத பெட்டிகளுக்கு மழைக்கு முன்பாக இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று கெட்டியாகக் கொடுத்து, ஓர அடைகளின் மேற்பாதி நிறையும் வரை தொடருங்கள். பிறகு வாரத்துக்கு ஒரு பெட்டிக்கு 200 கிராம் சர்க்கரை, சம அளவு தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் போதும். ஒரு கொட்டாங்குச்சியில் ஊற்றி, தேனீ மூழ்காதிருக்க நாலைந்து ஈர்க்குச்சிகளை மிதக்கவிட்டு, பெட்டிக்கு உள்ளே, பொழுது சாய்ந்த பிறகு, எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே நாளில் வையுங்கள். ஒரு சொட்டு வெளியே சிந்தினாலும் மறுநாள் கொள்ளை நடக்கும். இரவுக்குள் குடித்து முடிக்கும் அளவே ஊற்றுங்கள். இந்த ஈரப்பதத்தில் மீந்த பாகு இரண்டு நாளில் புளித்துவிடும்.

பாகு மட்டுமே புழுவை வளர்க்காது என்பதையும் மறக்காதீர்கள். புழுவுக்கு மகரந்தம் வேண்டும். மழை விட்ட நாள்களில் வரப்பிலும் வேலியோரத்திலும் பூக்கும் தும்பை, கிணற்றடிப் பூண்டு, நாயுருவி ஆகியவற்றைத் தோப்புச் சுத்தம் என்ற பெயரில் களைக்கொல்லி அடித்து அழித்துவிட்டு, சோயா மாவு பிசைந்து ஊட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பெட்டியின் காலைத் தொடும் புல்லை மட்டும் வெட்டுங்கள்; மற்றவை பூக்கட்டும்.

புல்லைச் சொன்னதும் எறும்பு நினைவுக்கு வருகிறது. தாங்கியின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பீர்கள். மழையில் கிண்ணத்தில் சருகு மிதந்தாலோ, ஒரு புல் நுனி சாய்ந்து பெட்டியைத் தொட்டாலோ எறும்புக்கு அது பாலம். நலிந்த கூட்டம் ஒரே இரவில் எறும்பால் ஓடிவிடும். பெட்டியை வாயில் பக்கமாக ஒரு விரல் அளவு சாய்த்து வைத்தால் உள்ளே புகும் நீர் வழிந்துவிடும். பயிற்சியில் வாயிலைக் கிழக்கு நோக்கி வைக்கச் சொல்லியிருப்பார்கள். பத்து மாதங்களுக்கு அது மிகச் சரி. ஆனால் வடகிழக்குப் பருவமழையின் சாரல் அந்த வாயிலுக்குள்தான் அடிக்கும். அதற்காகப் பெட்டியைத் திருப்பாதீர்கள், தேனீக்கள் வழி தடுமாறும். வடகிழக்கில் நான்கடி தள்ளித் தென்னங்கீற்றுத் தட்டி ஒன்றைக் கட்டிவிடுங்கள். சித்திரை வெயிலுக்கு அருமையாக இருந்த அடர்ந்த நிழல் மார்கழிக்கு ஆகாது. காலை வெயில் எட்டு மணிக்குள் பெட்டிமேல் விழும்படி கிழக்குப் பக்கக் கிளைகளைக் கழித்துவிடுங்கள். தெர்மாகோல் செய்யும் வேலையைவிட இந்த வெயில் செய்யும் வேலை பெரிது. தெர்மாகோலைச் சுற்றினால் பெட்டிக்குள் ஈரம் தங்கும், பூஞ்சை பிடிக்கும், எறும்பு அதற்குள் முட்டை வைக்கும்.

ஆன்டிபயாடிக் பொடி வேண்டவே வேண்டாம். உங்கள் ஆறாவது பெட்டியில் இருப்பது நச்சுயிரி நோய் என்றால் அந்த மருந்து அதைத் தொடக்கூட முடியாது; மருந்தின் எச்சமோ தேனில் தங்கும், அதற்கு உணவுப் பாதுகாப்பு விதிகளில் வரம்பு உண்டு. பரிசோதனை செய்யாமல் மருந்து சொல்பவர் பெட்டியைப் பார்க்காமல் உங்கள் பணப்பையைப் பார்க்கிறார்.

உங்கள் மாமனார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. இணைப்பு வேலைகள் முடிந்த பிறகு, எட்டு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை, வெயிலுள்ள பகலில், பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே, ஐந்து நிமிடத்துக்குள் பார்த்து மூடிவிட வேண்டும். இராணியைத் தேட வேண்டாம். புது முட்டை தெரிந்தால் இராணி இருக்கிறது. முட்டை நின்று, புழு குறைந்து, தேன் தீர்ந்து, மகரந்தம் வருவதும் நின்றுவிட்டால், கூட்டம் மூட்டை கட்டுகிறது என்று அறியலாம். அன்று மாலையே பாகு கொடுங்கள், மறுநாள் வலுத்த பெட்டியிலிருந்து மூடிய புழு உள்ள ஒரு சட்டத்தைத் தேனீக்களை உதறிவிட்டுக் கொடுங்கள். புழுவை விட்டு ஓட இந்தியத் தேனீ தயங்கும். பணித்தேனீ புகும், இராணி புக முடியாத துளைகள் கொண்ட தடுப்புத் தகட்டை வாயிலில் போடுவது நான்கைந்து நாள்களுக்கு மட்டுமான உபாயம். நோயாலும் பசியாலும் ஓட நினைக்கும் கூட்டத்தைப் பூட்டி வைத்தால் உள்ளேயே அழியும்.

உங்கள் பக்கத்து நிலங்களைப் பற்றியும் ஒரு சொல். அணைக்கட்டு வட்டாரத்தின் இலவம்பாடி முள் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் காய்த்துளைப்பானுக்காகக் கத்திரிக்கு மிக அடிக்கடி மருந்து அடிக்கிறார்கள். கோடையில் வலுத்த கூட்டம் சில நூறு பணித்தேனீக்களை இழந்தாலும் மீளும். இந்த மாதங்களில் அதே இழப்பு ஒரு கூட்டத்தின் முடிவாகலாம். பக்கத்து வயல்காரர்களிடம் முன்கூட்டியே பேசி, மருந்தடிப்பதைப் பொழுது சாய்ந்த பிறகு வைத்துக்கொள்ளக் கேளுங்கள். தேன் எடுக்கும்போது அவர்களுக்கும் ஒரு பாட்டில் கொடுத்திருந்தால் இந்தப் பேச்சு எளிதாக இருக்கும்.

இவ்வளவும் எதற்காக என்றால், தையில் மா பூக்கும், அதைத் தொடர்ந்து பங்குனி சித்திரையில் வேம்பும் புங்கனும் பூக்கும். முட்டை தேனீயாக ஏறக்குறைய இருபது நாள், அந்தத் தேனீ வீட்டு வேலை முடித்து வெளியே பறக்க மேலும் இருபது நாள். தையின் நடுவில் மாம்பூவுக்குப் போக வேண்டிய தேனீ, மார்கழி முதல் வாரத்தில் முட்டையாக இருக்க வேண்டும். எனவே கார்த்திகை தீபம் முடிந்து மழை ஓய்ந்ததும், சம அளவுப் பாகை மூன்று நாளுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கொடுக்கத் தொடங்குங்கள். பூ வந்துவிட்டது என்று நினைத்து இராணி முட்டையைப் பெருக்கும். மாசியில் உங்கள் மூன்று கூட்டங்களும் பெட்டியை நிறைத்து, இராணி அறைகள் கட்டத் தொடங்கும்போது, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து இளம் இராணிகளோடு மீண்டும் ஆறு ஆக்கிக்கொள்ளலாம்.

காலியாகும் பெட்டிகளை விற்றுவிடலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தீர்கள். வேண்டாம். நோய்ப் பெட்டியை நன்கு கழுவிக் காயவைத்த பின் தனியே வையுங்கள். மற்ற இரண்டின் உட்புறத்திலும் கொஞ்சம் தேன்மெழுகைத் தேய்த்து, மாசி தொடங்கியதும் தோப்பின் கிழக்கோரத்தில் ஆளுயரத்துக்குக் கட்டித் தொங்கவிடுங்கள். ஜவ்வாது மலைக் காட்டிலிருந்து இறங்கும் பிரிகூட்டம் ஒன்று அதில் வந்து அமரக்கூடும்.